மோதப்போகிறது என்று தெரிந்த நொடியில்: கார் ஓட்டுநர்கள் கேட்கும் கேள்விகள்

சேலத்தில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது என் தொழில். ரிவர்ஸ் எடுக்க, மேட்டில் வண்டியை நிறுத்தி எடுக்க, லைசென்ஸ் வாங்க என்று எல்லாவற்றுக்கும் வகுப்பு இருக்கிறது. முன்னால் போன லாரி திடீரென நின்றுவிட்டால் அடுத்த இரண்டு நொடியில் கையும் காலும் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு மட்டும் பாடத்திட்டத்தில் இடமில்லை. பழைய மாணவர்கள் போனில் கேட்டவை, வகுப்பு முடிந்து டீ குடிக்கும்போது கேட்டவை ஆகியவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். பெரும்பாலும் நம்மூர் நான்குவழிச் சாலையையும் புளியமரச் சாலையையும் மனதில் வைத்து எழுதியது.

மோதப்போகிறோம் என்று தெரிந்ததும் முதலில் என்ன செய்ய வேண்டும்?

பிரேக்கை ஏறி மிதிக்க வேண்டும். எடுத்த எடுப்பிலேயே, கால் இறங்கும் வரைக்கும். மிதித்த காலை வண்டி நிற்கும் வரை எடுக்கக் கூடாது.

இதைச் சொன்னால் "இது தெரியாதா சார்" என்பார்கள். ஆனால் செய்ய வராது. பலரும் முதலில் பாதி மிதிப்பார்கள், "நின்றுவிடும் போல" என்று ஒரு கணம் யோசிப்பார்கள், நிற்காது என்று தெரிந்த பிறகுதான் மீதியை மிதிப்பார்கள். நம் ஊரில் மட்டும் இப்படி இல்லை. 1990-களின் தொடக்கத்தில் பெர்லினில் மெர்சிடிஸ் பென்ஸ் நிறுவனம் ஓட்டுநர்களை சிமுலேட்டரில் உட்கார வைத்துப் பார்த்தபோது, ஆபத்து நேரத்தில் மிகப் பெரும்பாலானோர் போதுமான அழுத்தம் கொடுக்கவில்லை என்று தெரிந்தது. கால் வேகமாக இறங்குவதைக் கண்டுபிடித்து மீதி அழுத்தத்தை வண்டியே கொடுக்கும் 'பிரேக் அசிஸ்ட்' 1996-ல் வந்ததற்கு அதுதான் காரணம்.

புதிதாகக் கற்றவர்களிடம் இன்னொரு பழக்கமும் உண்டு. இன்ஜின் ஆஃப் ஆகிவிடுமோ என்று முதலில் கிளட்சை மிதிப்பார்கள். வண்டி தடையில்லாமல் உருண்டு போய் இடிக்கும். முடிந்தால் இரண்டையும் சேர்த்து மிதியுங்கள். முடியாவிட்டால் பிரேக் மட்டும் போதும். இன்ஜின் நின்றால் நிற்கட்டும்.

முழுசா மிதித்தால் பெடல் தடதடவென்று காலை உதைக்கிறதே?

அது ஏ.பி.எஸ். வேலை செய்யும் சத்தம். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் இருக்க, பிரேக்கை நொடிக்குப் பல முறை விட்டு விட்டுப் பிடிக்கிறது. பழுது என்று நினைத்துக் காலை எடுத்துவிடாதீர்கள். முழு பிரேக்கிலும் ஸ்டியரிங் உங்கள் பேச்சைக் கேட்கும் என்பதுதான் இதன் பெரிய லாபம். 2019 ஏப்ரலில் இருந்து இந்தியாவில் விற்கும் புது கார்கள் எல்லாவற்றிலும் இது கட்டாயம்.

ஏ.பி.எஸ். இல்லாத பழைய வண்டியில் முழுசா மிதித்தால் சக்கரம் பூட்டி வழுக்கும், ஸ்டியரிங் திரும்பினாலும் வண்டி திரும்பாது. அதில் மிதித்து, வழுக்கினால் சற்று விட்டு, மறுபடி மிதிக்க வேண்டும். பதற்றத்தில் அதைச் செய்ய வராவிட்டால் மிதித்தபடியே நேராகப் போவது பரவாயில்லை.

எப்படியும் இடிக்கத்தானே போகிறோம், பிரேக் போட்டு என்ன ஆகப்போகிறது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

காய்ந்த தார்ச்சாலை, நல்ல டயர் என்றால் முழு பிரேக்கில் ஒவ்வொரு நொடிக்கும் சுமார் 25 கி.மீ. வேகம் இறங்கும். மோதலின் சக்தியோ வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 80-ல் வந்தவர் 40-க்கு இறக்கிவிட்டால் அடி பாதி குறையும் என்று நினைப்போம். நான்கில் மூன்று பங்கு குறைந்துவிடும். மாடிக் கணக்கில் சொன்னால், 80 கி.மீ. வேகத்தில் சுவரில் மோதுவது சுமார் 25 மீட்டர் உயரத்தில் இருந்து, அதாவது எட்டு மாடி உயரத்தில் இருந்து விழுவதற்குச் சமம். 40-ல் மோதுவது இரண்டு மாடி. இரண்டாவது மாடியில் இருந்து பெல்ட்டும் ஏர்பேக் பலூனும் சுற்றி விழுந்தவர் பெரும்பாலும் எழுந்து நடந்துவிடுவார்.

பாதி பிரேக்கின் கதையையும் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 80-ல் வருகிறீர்கள். கால் பெடலைத் தொட்ட இடத்தில் இருந்து 35 மீட்டரில் ஒரு லாரி நிற்கிறது. முழுசா மிதித்தவர் லாரிக்குப் பின்னால் வேர்த்து விறுவிறுத்து நின்றுவிடுவார். பாதி மிதித்தவர் அதே இடத்தில் சுமார் 57 கி.மீ. வேகத்தில் லாரிக்குள் போயிருப்பார்.

இதே லாரியை 100-ல் வருகிறவருக்கு வையுங்கள். 80-ல் வந்தவர் லாரியைக் கண்டு காலை எடுத்து வைக்க ஒன்றரை நொடி, பிறகு முழு பிரேக், மொத்தம் 69 மீட்டருக்குள் நின்றார். அவருக்குப் பக்கத்தில் 100-ல் வந்தவர் அதே கணத்தில் கண்டு, அதே ஒன்றரை நொடியில் அதே அளவு மிதித்தாலும், அந்த இடத்தைத் தொடும்போது அவர் வேகம் 70-க்கு மேல். "வெறும் 20 தானே கூட" என்று வாதாடும் பையன்களுக்கு நான் கரும்பலகையில் போட்டுக் காட்டும் கணக்கு இது.

ஸ்டியரிங்கை ஒடித்துத் தப்பிக்கலாமே?

சில சமயம் தப்பிக்கலாம். பல சமயம் ஒடித்ததுதான் கொல்கிறது.

80-க்கு மேல் போகும்போது சடாரென்று ஒடித்தால் வண்டி முதலில் நினைத்த பக்கம் போகும். அதைத் திருத்த எதிர்ப்பக்கம் ஒடிப்போம், அங்கேதான் வால் சுற்றும். உயரமான வண்டி என்றால் உருளும். சுற்றிக்கொண்டு போகும் காரின் பக்கவாட்டுதான் எதிலாவது இடிக்கும். முன்பக்கம் மோதினால் உங்களுக்கும் சுவருக்கும் நடுவே பானெட், இன்ஜின், நசுங்குவதற்கென்றே செய்த இரும்பு என்று ஒரு மீட்டருக்கு இருக்கிறது. கதவுப்பக்கம் ஒரு சாண்தான்.

அடுத்து, எந்தப் பக்கம் ஒடிப்பீர்கள்? வலதுபக்கம் மீடியன், மீடியன் இல்லாத சாலையில் எதிரே வரும் பஸ். இடதுபக்கம் உங்களைத் தாண்ட வரும் பைக். பழைய மாநிலச் சாலை என்றால் இருபுறமும் புளியமரம், அதைத் தாண்டினால் தடுப்புச் சுவர் இல்லாத கிணறு. தரைமட்டக் கிணற்றுக்குள் வேனும் காரும் இறங்கிய செய்தியை நாம் எல்லோருமே படித்திருக்கிறோம். புளியமரம் நகராது, நசுங்காது, அகலமும் குறைவு. காருக்கு அதைவிட மோசமான எதிரி கிடையாது.

அதனால் நான் சொல்லும் வரிசை இது. முதலில் நேராக, முழு பிரேக். வேகம் பாதியாவது இறங்கிய பிறகும் இடிக்கும் என்று தெரிந்து, இடதுபக்கம் காலி என்பது உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்தும் இருந்தால், பிரேக்கில் இருந்து காலை எடுக்காமல் கொஞ்சமாக, அளவாகத் திருப்புங்கள். 'ஏற்கெனவே' என்பதுதான் இதில் முக்கியம். அந்த நொடியில் கண்ணாடி பார்க்க நேரம் இருக்காது. நெடுஞ்சாலையில் நிமிடத்துக்கு நாலைந்து முறை கண்ணாடி பார்க்கிறவருக்குத்தான் இடதுபக்கம் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்திருக்கும். அவருக்கு மட்டும்தான் ஒடிக்க உரிமை உண்டு என்பேன்.

இன்னொன்று: கண் எங்கே போகிறதோ வண்டி அங்கே போகும். லாரியின் பின்பக்கத்தையே வெறித்துக்கொண்டிருந்தால் லாரிக்குள்தான் போவீர்கள். போக வேண்டிய இடைவெளியைப் பாருங்கள்.

நாய் குறுக்கே வந்தால்? மாடு வந்தால்?

நாய்க்குப் பிரேக் உண்டு, ஸ்டியரிங் கிடையாது. சொல்ல மனம் வலிக்கத்தான் செய்கிறது. என் வீட்டிலும் நாய் இருக்கிறது. ஆனால் நாய்க்காக ஒடித்து மீடியனில் ஏறிய குடும்பங்களை நேரில் பார்த்தவன் நான்.

மாடு வேறு கணக்கு. கால் நீளம், உடம்பு உயரம். பம்பர் காலைத் தட்டினால் மொத்த எடையும் பானெட்டில் ஏறிக் கண்ணாடி வழியாக உள்ளே வரும். இரவில் எருமை என்றால் கண்ணுக்கே தெரியாது. இங்கேயும் முதலில் முழு பிரேக்தான். திருப்ப இடம் இருந்தால் அதன் வால் பக்கம் திருப்புங்கள். மிரண்ட மாடு பெரும்பாலும் முன்னால்தான் ஓடும்.

மனிதர் என்றால் மேலே சொன்ன கணக்கெல்லாம் மாறும். பிரேக்கும் போட வேண்டும், திருப்பவும் வேண்டும். மீடியனில் உரசினாலும், வண்டி நசுங்கினாலும் பரவாயில்லை. பெல்ட் போட்டு இரும்புக்கூட்டுக்குள் உட்கார்ந்திருப்பவர் நீங்கள். அவருக்கு உடம்பில் சட்டை மட்டும்தான்.

எதன் மீது மோதுவது என்று தேர்வு செய்ய நேரம் இருந்தால்?

வேகம் குறைந்த பிறகுதான் இந்தக் கேள்விக்கே அர்த்தம். அப்படிக் கிடைத்தால் நசுங்கக்கூடியது, நகரக்கூடியது, உங்கள் திசையிலேயே போய்க்கொண்டிருப்பது, இவை நல்லவை. வேலி, புதர், உழுத மண், முன்னால் போகும் கார். மீடியன் சுவரில் பக்கவாட்டாக உரசிக்கொண்டே போவதும் நல்லதுதான், வேகம் மெல்ல மெல்லக் கரையும்.

எதிரே வண்டி வருகிறது என்றால் எதைச் செய்தாவது நேருக்கு நேரைத் தவிருங்கள். மண்ணில் இறக்குங்கள். அதுவும் முடியாது என்றால், கடைசி கணத்தில் ஒடித்து முனையில் மட்டும் மோதுவது தப்பித்த மாதிரி தோன்றும். அது எப்போதும் லாபம் இல்லை. காரின் முன்பக்க அடியைத் தாங்கும் இரும்புச் சட்டங்கள் இரண்டும் ஹெட்லைட்டுக்கு உட்பக்கமாக ஓடுகின்றன. முனையில் மட்டும் பட்டால் அவை வேலை செய்யாமல், சக்கரம் நேராக ஓட்டுநர் காலுக்கு வரும். அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்களின் சோதனைக்கூடம் 2012-ல் கார் அகலத்தில் கால்பங்கு மட்டும் மோதும் சோதனையைத் தொடங்கியபோது, நல்ல பெயர் வாங்கியிருந்த பல கார்கள் அதில் தோற்றன. கார்களை மோதவிட்டுப் பாதுகாப்புக்கு நட்சத்திரம் கொடுக்கும், 2023 அக்டோபரில் தொடங்கிய நம் பாரத் என்.கேப். திட்டத்தின் முன்பக்கச் சோதனை 64 கி.மீ. வேகத்தில், 40 சதவீத அகலத்தில் நடக்கிறது. ஷோரூமில் காட்டும் நட்சத்திரங்கள் அந்த வேகத்துக்கு வாங்கியவை, 110-க்கு வாங்கியவை அல்ல.

கூடவே கூடாதது ஒன்று உண்டு. நிற்கும் லாரியின் பின்பக்கம். லாரியின் தளம் நம் பானெட்டுக்கு மேலே இருக்கிறது. கார் அடியில் நுழையும், இடிதாங்கும் பகுதி எதையும் தொடாது, முதலில் தொடுவது முன்கண்ணாடி. 1967-ல் ஹாலிவுட் நடிகை ஜெய்ன் மான்ஸ்ஃபீல்ட் இப்படித்தான் இறந்தார். அங்கே லாரியின் பின்னால் பொருத்தும் தடுப்புக் கம்பிக்கு அவர் பெயரிலேயே ஒரு பேச்சுவழக்கு இருக்கிறது. நம் லாரிகளிலும் அந்தக் கம்பி இருக்க வேண்டும் என்பது விதி. வளைந்தும், துருப்பிடித்தும், கயிற்றில் கட்டியும் தொங்குவதை நாமக்கல் சாலையில் நின்று எண்ணிப் பார்க்கலாம். ஓரமாக, பார்க்கிங் லைட் இல்லாமல் லாரி நிற்கும் இரவுச் சாலையில் இடதுபக்கம் ஒட்டி ஓட்டாதீர்கள்.

60-ல் வரும் இரண்டு கார் நேருக்கு நேர் மோதினால் 120-ல் சுவரில் மோதிய மாதிரிதானே?

இல்லை. ஒரே எடையுள்ள கார்கள் என்றால், ஒவ்வொன்றுக்கும் 60-ல் சுவரில் மோதிய அடிதான். சக்தி இரண்டு மடங்கு, அதை வாங்கி நசுங்கும் வண்டியும் இரண்டு. ஆனால் எதிரே வருவது லாரி என்றால் இந்த ஆறுதல் கிடையாது. எடை குறைந்தவர்தான் பின்னால் தள்ளப்படுவார்.

அந்த நேரத்தில் கை, கால், தலை எப்படி இருக்க வேண்டும்?

கை ஸ்டியரிங்கில், கடிகாரம் ஒன்பதே கால் காட்டும் நிலையில். மேலே பிடித்தால் ஏர்பேக் விரியும்போது கையைத் தூக்கி முகத்திலேயே அடிக்கும். கட்டைவிரலை வளையத்துக்குள் கொக்கி போட்டு வைக்காதீர்கள், சக்கரம் எதிலாவது இடித்து ஸ்டியரிங் திருகினால் விரல் போய்விடும். முதுகும் தலையும் சீட்டில் ஒட்டி இருக்கட்டும். நெஞ்சுக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவே குறைந்தது 25 செ.மீ. இடைவெளி வேண்டும். பக்கத்து சீட்டில் இருப்பவர் காலை டேஷ்போர்டில் தூக்கிப் போட்டிருந்தால் இப்போதே இறக்கச் சொல்லுங்கள்.

இதில் எதையும் அந்த நொடியில் சரிசெய்ய முடியாது. கண் சிமிட்டும் நேரத்துக்குள் ஏர்பேக் விரிந்துவிடும். கிளம்பும்போதே எப்படி உட்கார்ந்தீர்களோ அப்படித்தான் மோதுவீர்கள். முன்சீட்டைப் படுக்கை மாதிரி சாய்த்துத் தூங்கிக்கொண்டு வருகிறவர் பெல்ட் போட்டிருந்தும் பயனில்லை. உடம்பு பெல்ட்டுக்கு அடியில் வழுக்கிப் போய், இடுப்பில் இருக்க வேண்டிய பட்டை வயிற்றை அறுக்கும்.

பின்சீட்டில் இருப்பவர்கள்? மடியில் குழந்தை?

பின்சீட்டிலும் பெல்ட். சட்டமும் அதைத்தான் சொல்கிறது. 2022 செப்டம்பர் 4-ம் தேதி மும்பைக்கு வடக்கே பால்கரில் பாலச்சுவரில் மோதிய காரில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி இறந்தார். விலையுயர்ந்த, பாதுகாப்பான வண்டி அது. முன்சீட்டில் இருந்த இருவர் காயத்தோடு பிழைத்தார்கள். பின்சீட்டில் பெல்ட் போடாமல் இருந்த இருவரும் பிழைக்கவில்லை. பெல்ட் போடாத பின்சீட்டுக்காரர் முன்சீட்டுக்காரரையும் சேர்த்து நசுக்குவார்.

"நான் கெட்டியாப் பிடிச்சுக்குவேன்" என்று அம்மாக்கள் சொல்வார்கள். 50 கி.மீ. வேகத்தில் வந்த வண்டி ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் நின்றால், 10 கிலோ குழந்தை கையில் சராசரியாக 140 கிலோ கனக்கும். எந்தத் தாயாலும் முடியாது. குழந்தை இருக்கை வாங்குங்கள்.

நான் நின்றுவிட்டேன். பின்னால் லாரி நிற்காமல் வருவது கண்ணாடியில் தெரிகிறது.

ஒதுங்க இடம் இருந்தால் ஒதுங்குங்கள். இல்லாவிட்டால் தலையைச் சாய்மானத்தில் ஒட்டி, முகத்தை நேராக வைத்து, பிரேக்கை அழுத்திப் பிடியுங்கள். திரும்பிப் பார்க்கக் கூடாது. திரும்பிய கழுத்துக்கு அடி அதிகம். 2022-ல் நாட்டிலேயே அதிக விபத்து நடந்த மாநிலம் நம்முடையது, 64,105. அந்த ஆண்டு நாடு முழுக்கவும் முதலிடம் பிடித்த மோதல் வகை இந்தப் பின்னால் இடிப்பதுதான்.

சிக்னலிலோ டோல்கேட்டிலோ நிற்கும்போது முன்வண்டியின் பின்டயர் தரையைத் தொடுவது உங்கள் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு இடம் விட்டு நில்லுங்கள். ஒதுங்கும் இடம் அதுதான்.

தொப்பூர் இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போனால்?

தர்மபுரியில் இருந்து சேலம் வரும் 44-ம் எண் நெடுஞ்சாலையில், தொப்பூர் கணவாய் நீண்ட இறக்கம். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டு, பிரேக்கை மட்டும் நம்பி இறங்கும் லாரிகளால் அங்கே எத்தனையோ விபத்து நடந்திருக்கிறது. காரிலும் இதேதான். பிரேக் சூடேறினால் பெடல் இறங்கும், வண்டி நிற்காது.

பெடலைப் பலமுறை அடித்து அடித்து மிதியுங்கள், கொஞ்சம் அழுத்தம் திரும்பலாம். கியரை ஒவ்வொன்றாக இறக்குங்கள். இன்ஜின் கத்தும், கத்தட்டும். ஹேண்ட் பிரேக்கை, பொத்தானை அழுத்திப் பிடித்தபடி, கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்குங்கள். ஒரே இழுப்பில் இழுத்தால் வால் சுற்றும். ஹாரனில் இருந்து கையை எடுக்காதீர்கள். சாவியை மட்டும் அணைக்காதீர்கள், ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளலாம். இதெல்லாம் போதாவிட்டால் மலைப்பக்கம் உரசுங்கள், பள்ளத்துப் பக்கம் போகாதீர்கள். ஏறிய கியரிலேயே இறங்கினால் இதில் எதுவும் தேவைப்படாது.

டயர் வெடித்தால்?

இந்த ஒன்றுக்கு மட்டும் முதல் விதி தலைகீழ். பிரேக் தொடாதீர்கள். ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்து நேராகவே விட்டு, ஆக்ஸிலரேட்டரை மெல்ல விடுங்கள். வேகம் நன்றாக இறங்கிய பிறகு ஓரம் கட்டுங்கள்.

பைக்கில் போகும்போது வண்டியைப் படுக்கப் போட்டுவிட்டால் அடி குறையும் என்கிறார்களே?

டயர் தார்ச்சாலையைப் பிடிக்கும் அளவுக்கு இரும்பும் பிளாஸ்டிக்கும் பிடிக்காது. படுக்கப் போட்டால் வண்டியும் நீங்களும் அதிக வேகத்தில் வழுக்கிக்கொண்டு லாரிச் சக்கரத்துக்குள் போவீர்கள். நிமிர்ந்து உட்கார்ந்து இரண்டு பிரேக்கையும் பிடியுங்கள்.

மோதியாகிவிட்டது. அடுத்து?

இரண்டாவது மோதல்தான் அடுத்த ஆபத்து. பின்னால் வருகிறவருக்கு நீங்கள் நிற்பது தெரியாது. நடக்க முடிந்தால் ஹசார்டு லைட்டைப் போட்டு, இன்ஜினை அணைத்து, எல்லோரையும் மீடியன் ஓரமாக அல்லாமல் இடதுபக்கம் சாலையை விட்டு வெளியே கொண்டுபோங்கள். சாலையில் நின்றுகொண்டு யார் தப்பு என்று பேச வேண்டாம். 108-க்குக் கூப்பிடுங்கள். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033-ம் உண்டு. தீயோ புகையோ இல்லை என்றால், அசைய முடியாமல் கிடப்பவரை இழுத்து வெளியே போடாதீர்கள்.

2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்தில் சிக்கியவருக்குப் பட்டியலில் உள்ள அரசு, தனியார் மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். காயம்பட்டவரைக் கொண்டுவந்து சேர்த்த நல்ல உள்ளத்தை வழக்கில் இழுக்கக் கூடாது என்று 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டமும் சொல்கிறது. பயந்து ஒதுங்கிப் போகாதீர்கள்.

இதையெல்லாம் பழகிப் பார்க்க முடியுமா?

முடியும், பழக வேண்டும். காலையில் ஆள் இல்லாத மைதானமோ புறநகர் லேஅவுட் சாலையோ போதும். பின்னால் யாரும் இல்லை என்று பார்த்து, 40-ல் போய், "இப்போ" என்றதும் முழுசா மிதியுங்கள். என்னிடம் வரும் எல்லோருமே முதல் தடவை பாதிதான் மிதிக்கிறார்கள். ஏ.பி.எஸ். காலில் தட்டும் வரை விடமாட்டேன். மூன்றாவது தடவையில் வந்துவிடும். அன்றைக்கு வண்டியில் இருக்கும் தண்ணீர் பாட்டிலும் குடையும் எங்கெங்கே பறக்கின்றன என்றும் கவனியுங்கள். ஒருமுறை ஒரு மாணவியின் பாட்டில் உருண்டு வந்து பிரேக் பெடலுக்கு அடியில் உட்கார்ந்துகொண்டது. அடுத்த நாள் முதல் அவர் கிளம்பும் முன் குனிந்து பார்க்கிறார்.